அடி வாங்கிச் சிரித்தவர்கள்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை, பாதிதான். அதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டது கிடையாது. தலையில் நாற்காலி சுமந்து ஜீவனஹள்ளித் தெருக்களில் ஓடியவன் நான். இன்று அந்த வட்டாரத்தில் கல்யாணமோ, கருமாதியோ, கட்சிக் கூட்டமோ, என் ஷாமியானாவின் நிழல் இல்லாமல் நடக்காது. நாற்காலி, மேசை, அண்டா, கரண்டி, மேடை, மின்விசிறி எல்லாம் என் கடையிலிருந்துதான் வாடகைக்குப் போகிறது. வாசலில் மூன்று டெம்போ நிற்கிறது. என் மகன் பி.இ. படித்தவன். அவனுக்கு ஒரு மடக்கு நாற்காலியை விரல் நசுங்காமல் மடக்கத் தெரியாது. எனக்குப் புத்தி சொல்லும் தகுதி இந்தப் பெங்களூரில் எவனுக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பெரும்பாலும் இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் பேத்தி யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒருத்தனைப் பென்சிலால் குத்தியிருந்தாள், ஒருத்தியின் மேல் டிபன் பாக்ஸை வீசியிருந்தாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மகன், மருமகள், நான் மூவரும் போனோம். நான் வெள்ளைச் சட்டை போட்டு, மோதிரங்களையும் மாட்டிக்கொண்டு போனேன்.

பிரின்சிபால் அம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார்.

"இது மூணாவது தடவை சார். அந்தக் குழந்தையோட அம்மா எழுத்துல கம்ப்ளெய்ண்ட் கொடுத்திருக்காங்க."

"குழந்தைங்க சண்டை போடாம கிழவனுங்களா மேடம் போடுவாங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சரி, இந்த உலகத்தில் எல்லோருக்கும் ஒரு விலை உண்டு என்பது என் அனுபவம். "உங்க ஆண்டு விழாவுக்கு மேடை, ஷாமியானா, நாற்காலி எல்லாம் நம்மளது. சும்மாவே போட்டுத் தர்றேன்" என்றேன்.

"எங்களுக்கு ஆடிட்டோரியம் இருக்கு சார்."

அவர் விஷயத்தைச் சொன்னார். பள்ளி மூட இன்னும் மூன்று மாதம். மல்லேஸ்வரத்தில், அடிக்கிற கடிக்கிற குழந்தைகளுக்கும் அவர்களை வளர்க்கிறவர்களுக்கும் சேர்த்துப் பாடம் நடத்தும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒழுங்காகப் போக வேண்டும். போனதற்கு அவர்கள் கையால் கடிதம் வர வேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் வகுப்பு இடம் கிடையாது, டி.சி.யை வாங்கிக்கொண்டு போகலாம்.

அந்தப் பள்ளியில் ஓர் இடம் எனக்கு எப்படிப்பட்டது என்று பிரின்சிபால் அம்மாவுக்குத் தெரியாது. அதே பள்ளியின் கேட்டில் என் மகனுக்காக ஒரு காலத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பேத்திக்கு அங்கே இடம் கிடைத்த அன்று கடையில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டேன். ஒரு பல் தடத்துக்காக அதை விட்டுக்கொடுப்பேனா? "போறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

மகன் காரில் வரும்போது, "அப்பா, இதெல்லாம் ஒரு ஃபேஸ். தானா போயிடும்" என்றான். அவன் அப்படித்தான். அவன் வாழ்க்கையில் எல்லாம் தானாகவே வந்தது, அதனால் எல்லாம் தானாகவே போய்விடும் என்று நினைக்கிறான்.

மல்லேஸ்வரத்து இடம் ஒரு பழைய வீட்டின் மாடி. மகனும் மருமகளும் மட்டும் போதும் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். அங்கே இருந்த ஆலோசகர், திருச்சிப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது, முதல் கேள்வியே இதுதான் கேட்டாள்: "ஸ்கூல் விட்டதும் குழந்தை யார்கிட்ட இருப்பா?"

"மாமாகிட்டதான். நாங்க வர்ற வரைக்கும் கடையில இருப்பா" என்று மருமகள் என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

"அப்ப ஐயாதான் முக்கியமா வரணும்."

சனிக்கிழமை சனிக்கிழமை போனேன். முகூர்த்த நாளில் கடையை விட்டுவிட்டு, மாடிப்படி ஏறி, சின்னச் சின்ன ஸ்டூலில் முழங்கால் காது வரை வர உட்கார்ந்தேன். அங்கே வந்த பெற்றோர்களைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தர் மகன் இன்னொரு குழந்தையின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான், இவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன்கிட்ட லீடர்ஷிப் இருக்கு" என்கிறார். இன்னொரு அம்மா மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுப்பது போல மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "எத்தனை மணிக்கு வந்து எடுத்துக்கணும்?" என்று கேட்டாள். இன்னொரு தம்பதி, குழந்தையை யார் கெடுத்தது என்று ஒருத்தரை ஒருத்தர் அடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். இவர்களெல்லாம் படித்தவர்கள். இங்கிலீஷில் மூச்சு விடுகிறவர்கள். இந்தக் கும்பலில் என்னையும் உட்கார வைத்தாளே என் பேத்தி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் பாடம் நடத்தும் விதமே வேறு. ஒரு சின்ன அறையில் நானும் பேத்தியும் மட்டும். நடுவில் பொம்மை, மரக்கட்டை. என் காதில் ஒரு பட்டன் மாதிரி மாட்டிவிடுவார்கள். ஆலோசகர் பெண் அடுத்த அறையில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு என் காதுக்குள் பேசுவாள். அவள் சொல்கிறபடி நான் பேத்தியிடம் பேச வேண்டும். எழுபதை நெருங்குகிறவன், மூன்று டெம்போவுக்கு முதலாளி, காதில் ஒரு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, கேள்வி கேக்காதீங்க. ஆர்டர் போடாதீங்க. அவ என்ன பண்றாளோ அதை மட்டும் சொல்லுங்க."

"செவப்புக் கட்டைய எடுக்கற. பச்சைக் கட்டை மேல வெக்கற" என்று நான் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொன்னேன். பேத்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தாத்தாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற பார்வை.

"இப்ப கட்டையை மெதுவா வச்சா பாருங்க. அதைப் பாராட்டுங்க."

"மெதுவா வெச்சதுக்கெல்லாமாம்மா பாராட்டு? அது அவ கடமை."

"ஐயா, கண்ணாடியைப் பார்த்து என்கிட்ட பேசாதீங்க. அவகிட்ட சொல்லுங்க."

இரண்டாவது வாரம், பேத்தி மேசைக்கு அடியில் உருண்ட கட்டையை எடுக்கப் போய், எழும்போது மேசை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டாள். வீல் என்று கத்தினாள். நான் எட்டிப் பிடித்துத் தூக்கி, இன்னொரு கையால் மேசையை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். "யாரு என் தங்கத்த அடிச்சது? இதுவா? அடி! நீயும் நல்லா அடி!" என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் மேசையைச் சாத்தினாள். அப்புறம் காலால் உதைத்தாள். அழுகை போயே போச்சு. பார்த்தாயா என்று நான் கண்ணாடியைப் பார்த்து மீசையைத் தடவினேன்.

காதுக்குள், "ஐயா, இப்ப என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

பாடம் முடிந்ததும் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். நான் சிரித்தேன். "எம்மா, எல்லா வீட்லயும் பண்றதுதான். விழுந்தா தரைய அடிப்போம், இடிச்சா கதவ அடிப்போம். எங்கம்மாவும் எனக்காகத் தரைய அடிச்சா. நான் என்ன ரவுடியாவா ஆயிட்டேன்?"

"நீங்க ஆகலை ஐயா. ஆனா வலிச்சா உடனே எதையாவது அடிக்கணும்னு அவளுக்குப் பழக்கமாயிருக்கு. மேசைன்னா பரவாயில்ல. மேசை மட்டுந்தானா? ஆளுங்களையும் அடிக்கச் சொல்லுவீங்களா? விளையாட்டுக்குக்கூட?"

"சே சே" என்றேன்.

பொய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அந்த மரியாதைக்கு அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், இதுவரை சொல்லவில்லை.

உண்மை இதுதான். பேத்திக்கு ஒன்றரை வயது இருக்கும்போது கடையில் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். லோடு ஏற்றும் ஆள் ஒருவர், தர்மபுரிக்காரர், நான் ஒற்றை நாற்காலிக் கட்டோடு தொழில் தொடங்கின காலத்திலிருந்து என்னோடு இருப்பவர், அன்று தாமதமாக வந்தார். "லேட்டா வந்துட்டான், அடி அவன!" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் குனிந்து கன்னத்தைக் காட்டினார். பேத்தி அந்தப் பிஞ்சுக் கையால் பளார் என்று வைத்தாள். கடையே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. மறுநாளிலிருந்து அதுவே வழக்கம் ஆகிவிட்டது. யார் லேட்டாக வந்தாலும், யார் கரண்டிக் கணக்கைத் தப்பாகச் சொன்னாலும், சின்ன முதலாளி முன்னால் குனிய வேண்டும். வாடிக்கையாளர் வந்தால் அவர்களுக்கும் காட்டுவேன். "ஏய், மாமாவுக்கு ஒண்ணு குடு!" அவர்களும் வாங்கிக்கொண்டு சிரிப்பார்கள். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் அவளை உட்கார வைப்பேன். பரம்பரை இரத்தம், ஆளப் பிறந்தவள் என்று வந்தவன் போனவனிடமெல்லாம் பெருமை அடித்தேன்.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பேத்தி உடை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலி அடுக்கின் மேல் ஏறினாள். தர்மபுரிக்காரர் வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே போய்க் குனிந்தார். அவளும் பேசிக்கொண்டே, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஓங்கி ஒன்று விட்டாள். அவர் சிரித்துவிட்டு அண்டாவைத் தூக்கப் போனார்.

கூப்பிட்டேன். "வலிக்குதாய்யா?"

"கொழந்ததானே மொதலாளி."

"நான் அத கேக்கல. வலிக்குதா?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "செவுள்ல வாங்கினா வலிக்காம இன்னா பண்ணும்? அப்ப கை பஞ்சு மாதிரி இருந்திச்சு. இப்ப அஞ்சர வயசாச்சு. மோதிரம் வேற போட்டு வுட்டுருக்க."

"அப்ப ஏன்யா இத்தினி நாளா சிரிச்ச?"

"நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன்."

நான் கூலியாக இருந்த காலத்தில் என் முதல் முதலாளி, பேப்பரைச் சுருட்டி என் மண்டையில் தட்டித்தான் வேலை சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த ஆளை நான் நினைக்காத நாள் இல்லை, நல்லவிதமாக நினைத்த நாளும் இல்லை. ஊரிலுள்ள படித்த முட்டாள்களையெல்லாம் மாடியில் உட்கார்ந்து எடை போட்டுக்கொண்டிருந்தேனே, அத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து என்னை மறுதட்டில் வைத்தால் என் தட்டுதான் தாழும். அவர்கள் பிள்ளைகள் வேறு எங்கோ கற்றுக்கொண்டு அடித்தார்கள். நான் தினமும் ஆள் வைத்துப் பழக்கிக் கொடுத்தேன்.

அன்றே எல்லோரையும் கூப்பிட்டு, இனி யாரும் குனியக் கூடாது என்றேன். பேத்தியின் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினேன். அடுத்த சனிக்கிழமை ஆலோசகர் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான்கு வார்த்தை திருப்பிக் கொடுத்து நிம்மதியாக வந்திருப்பேன்.

"இனிமே ஒரு வாரம் பத்து நாள் இன்னும் மோசமா அடிப்பா ஐயா. நேத்து வரைக்கும் இருந்த உரிமை இன்னைக்கு இல்லைன்னா யாருக்குத்தான் கோபம் வராது? அப்ப யாரும் சிரிக்கக் கூடாது. நீங்க திருப்பி அடிக்கவும் கூடாது."

யாரையாவது அடித்தால் ஒரே வரி சொல்ல வேண்டும்: 'நீ அடிச்ச, அதனால நாற்காலில உக்காரு.' மூன்று நிமிடம். அதற்குள் நான் திட்டக் கூடாது, கொஞ்சக் கூடாது, உபதேசம் பண்ணக் கூடாது. அவள் கத்தினால் கத்தட்டும். ஊருக்கே நாற்காலி கொடுக்கிற எனக்கு, ஒரு குழந்தையை நாற்காலியில் உட்கார வைக்கப் பாடம்! ஆனால் சொல்கிறேன், பேசாமல் இருப்பது மாதிரி கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. ஐம்பது நாற்காலியைத் தலையில் தூக்கிவிடலாம்.

ஆலோசகர் பெண் சொன்னது போலவே ஆயிற்று. தர்மபுரிக்காரர் குனியாமல் ஒதுங்கிப் போனதும் பேத்தி அவர் காலைக் கடித்தாள். டிரைவரின் சட்டையைக் கிழித்தாள். ஒரு நாள், கல்யாண ஆர்டர் கொடுக்க வந்த ஒருவர் முன்னாலேயே என் முழங்கால் எலும்பில் சாம்பார் கரண்டியை வீசினாள். கண்ணில் பொறி பறந்தது. கை தானாக ஓங்கிவிட்டது. ஓங்கின கையால் ஒரு நாற்காலியைப் பிரித்துப் போட்டேன்.

"நீ அடிச்ச. அதனால நாற்காலில உக்காரு."

உட்கார்ந்தாள். கடை இடிந்து விழுகிற மாதிரி கத்தினாள். வந்தவர் சும்மா இருக்கவில்லை. "இன்னா பெரியவரே, முதுகுல ரெண்டு போட்டா அடங்கிடும். இதெல்லாம் வெள்ளக்காரன் பண்றது" என்றார்.

"உங்க பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டேன். அவர் மகன் அடிதடிக் கேஸில் வாரா வாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவன் என்பது ஜீவனஹள்ளி முழுக்கத் தெரியும். அவர் ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். போகட்டும், அவர் கல்யாணத்துக்கு நிழல் ஒரு கேடு.

பத்து நாளில் அடங்கும் என்றார்கள், ஒரு மாதம் ஆயிற்று. ஒரு நாள் பேத்தி, தன் விளையாட்டுக் கட்டையைப் பிடுங்க வந்த டிரைவரின் மகளிடம், "எனக்குக் கோவம் வருது, தாத்தாகிட்ட சொல்லுவேன்" என்று கத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். அடிக்கவில்லை. கையை முஷ்டியாக மடக்கி வைத்திருந்தாள், மடக்கியபடியே வந்தாள். "கோவம் வந்தும் அடிக்காம வந்தியே, பலே" என்றேன். காதில் பட்டன் இல்லாமலே சொன்னேன். அதற்கு மறுநாளே டிரைவரின் மகளைக் கீழே தள்ளிவிட்டாள், அது வேறு விஷயம்.

பள்ளி மூடும் நேரம் வந்தது. பெண் சரியாகிவிட்டாள் என்று கடிதம் கேட்டேன். ஆலோசகர் பெண் மாட்டேன் என்றாள். "பொய் எழுத மாட்டேன் ஐயா. ஒரு வாரம்கூட விடாம வர்றீங்க, சொன்னதைச் செய்யறீங்க, அடிக்கிறது குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான் எழுதுவேன்." என்ன திமிர்! ஆனால் என் கடையில் வேலைக்கு இருந்தால் கணக்குப் புத்தகத்தை நம்பிக் கொடுத்திருப்பேன்.

அந்தக் கடிதத்தோடு பிரின்சிபால் அறைக்குப் போனோம். கடிபட்ட குழந்தையும் அவள் அம்மாவும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, என் மோதிரத்தையும் செருப்பையும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரின்சிபால் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பேத்தியைப் பார்த்து, "ஸே சாரி" என்றார்.

பேத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மருமகள் முதுகில் தொட்டாள். மகன், "சொல்லும்மா, சொல்லிடு" என்று கெஞ்சினான். அவள் சொல்லவில்லை. அந்த அம்மா பிரின்சிபாலைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். இடம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் எழுந்து அந்தக் குழந்தையின் முன்னால் போய் நின்றேன். வியாபாரத்தில் நஷ்டப்பட்டிருக்கிறேன், போலீஸிடம் தடியடி வாங்கியிருக்கிறேன், மன்னிப்பு யாரிடமும் கேட்டதில்லை. "சாரிம்மா" என்றேன். "அடிக்கக் கத்துக் குடுத்தது இந்தத் தாத்தாதான். அவளுக்கு அது தப்புன்னு யாரும் சொல்லல."

அந்தக் குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"இப்ப அவ அடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நாற்காலில உக்கார வெப்பேன்."

"அவ்ளோதானா? அடிக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"எங்கம்மா அடிப்பாங்க" என்றது குழந்தை.

"ஏய்!" என்று அந்த அம்மா குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தார். கறுப்புக் கண்ணாடி தலையிலிருந்து மூக்கில் சரிந்தது. எனக்கு நாக்கின் நுனியில் நான்கு பதில்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் முத்து மாதிரி. நாற்காலியில் உட்கார்த்தி வைத்த குழந்தை மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து பேத்தி சொன்னாள்: "அவ்ளோதான்னு சொல்லாத. மூணு நிமிஷம் யாரும் பேசவே மாட்டாங்க. ரொம்ப போரடிக்கும்." அப்புறம், "கை இன்னும் வலிக்குதா?" என்று கேட்டாள்.

அந்தக் குழந்தை சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தது. "இல்ல. போயிடுச்சு."

பிரின்சிபால் அப்போதும் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வரும் இடத்தில் ஏதோ கோளாறு. பேனாவை எடுத்து, ஒன்றாம் வகுப்பு, அரைப் பரீட்சை வரைக்கும், அதற்குப் பிறகு மறுபடியும் பார்க்கலாம் என்று எழுதி நீட்டினார். மல்லேஸ்வரத்துக்குப் போவதை நிறுத்தக் கூடாது என்றும் சேர்த்து எழுதியிருந்தார். மருமகள் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். வராந்தாவில் நின்று பையைத் திறந்து காகிதம் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

மகன் என் பக்கத்தில் வந்து நடந்தான். "அப்பா, நீங்க சாரி கேட்டு நான் பார்த்ததே இல்ல."

"நல்லா பாத்துக்கிட்டியா?" என்றேன். "அடுத்த சனிக்கிழமை காதுல பட்டன மாட்டிக்கிட்டு தரையில உக்காரப் போறது நீதான். எனக்கு முகூர்த்தம் இருக்கு."